உதட்டில் கைவைக்கும் முன் பல்லைப் பாருங்கள், ஆச்சி

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு காரைக்குடிப் பக்கம். வயது 54. ஆவணியில் மகள் கல்யாணம் நடந்தது. வீடியோவைப் பார்த்தபோதுதான் கவனித்தேன், நான் சிரித்தால் மேல்பல் தெரியவே இல்லை. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே நீளமாகி, வாய் உள்ளே போனமாதிரி இருக்கிறது. அன்றிலிருந்து யாராவது போட்டோ எடுத்தால் கை தானாக முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகிறது. மேலுதட்டைத் தூக்கி வைக்க ‘லிப் லிஃப்ட்’ என்று ஓர் ஆபரேஷன் இருப்பதாகச் சிங்கப்பூரில் இருக்கும் மகள் சொன்னாள். சென்னையில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “ஒரு மணி நேர வேலை, தழும்பே தெரியாது, முன்பணம் கட்டினால் தேதி தருகிறோம்” என்றார்கள். தையில் எங்கள் வீட்டுக்காரருக்கு சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். மூன்று மாதம்தான் இருக்கிறது. அதற்குள் செய்துகொள்ளலாமா? மேலே முன்பல் இரண்டு எடுத்து, ஒன்பது வருடமாகக் கழற்றி மாட்டும் செட் போட்டிருக்கிறேன். சர்க்கரை இருக்கிறது, மூன்று மாத சராசரி 8.6. காது மடலில் இரண்டாவது ஓட்டை போட்ட இடத்தில் தழும்பு உருண்டையாக வளர்ந்தது, வெட்டி எடுத்தும் திரும்ப வந்துவிட்டது. சாப்பிட்டதும் வெற்றிலை பாக்கு போடுவேன். “இந்த வயசில் இது தேவையா” என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பதில்:

ஆச்சி, வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும், இதை ஒரு வைத்தியர் உட்கார்ந்து முறையாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு. வயது 54 என்பதால் அந்த ஆசை தப்பாகிவிடாது. வீட்டில் கேட்கிற “தேவையா” என்ற கேள்விக்கு நீங்கள் மட்டும்தான் பதில் சொல்ல முடியும். “பொருந்துமா” என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். அதைத்தான் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தைக்குள் வேண்டாம். அந்தக் கிளினிக்குக்கு முன்பணம் கட்ட வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்தவரையில் முதலில் பார்க்க வேண்டியது மேலுதட்டுத் தோலை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் பல்லை. பல் சரியான பிறகும் உதடு நீளம்தான் என்று அளவு சொன்னால் அப்போது ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். அந்தப் பேச்சு அடுத்த வருடத்துக்கு.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், இந்த ஆபரேஷன் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மூக்கின் அடியில், இரண்டு நாசித் துவாரங்களின் வளைவையும் ஒட்டி ஒரு கோடு. அதற்குக் கீழே அதே வளைவில் இன்னொரு கோடு. நடுவில் இருக்கும் தோலை, நாலைந்து மில்லிமீட்டர் அகலத்துக்கு, எடுத்துவிட்டுக் கீழ்த்தோலை மேலே இழுத்துத் தைக்கிறோம். வரைந்து பார்த்தால் காளைக் கொம்பு மாதிரியே இருக்கும், சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். எங்கள் பாஷையிலும் அதற்குக் கொம்பு வெட்டு என்றுதான் பெயர். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். ஒரு மணி, ஒன்றரை மணி நேர வேலை. ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தையல் பிரிப்போம். அதுவரை அகலமாக வாய் திறக்கக் கூடாது. இட்லி, கஞ்சி என்று மெல்ல அதிகம் வேலை வைக்காத சாப்பாடுதான்.

நேரத்தைப் பற்றி அவர்கள் சொன்னது சரி. ஆனால் ஒரு மணி நேர வேலை என்பதால் அது சின்ன வேலை ஆகிவிடாது. பிளவுபட்ட உதட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்குத் தைத்துத் தைத்துத்தான் நான் இந்தத் தொழிலைக் கற்றேன். சிவப்பு உதடும் தோலும் சேரும் விளிம்பில் ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகினால்கூட, எதிரே நின்று பேசுபவரின் கண் அங்கேதான் போகும். முகத்தில் வேறெந்த இடமும் இவ்வளவு கறாராக இருக்காது. அதோடு, எடுத்த தோலைத் திருப்பி வைக்க முடியாது. வேறெங்கோ ஆபரேஷன் செய்துகொண்டு என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு உதடு இரண்டும் சேரவில்லை. தூங்கும்போது வாய் திறந்தே இருக்கிறது, காலையில் நாக்கு வறண்டுபோகிறது என்றார். சிரித்தால் ஈறு முழுக்கத் தெரிந்தது. அவர் கேட்டது அழகான உதடு, பத்து நிமிடத்தில் தேதியும் கொடுத்திருக்கிறார்கள். அளந்து பார்த்தவர் யாரும் இல்லை. அவருக்கு என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. அது இன்னும் என் மனதில் கிடக்கிறது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அளப்பதை நீங்கள் வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். வளவில் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் கண்ணாடியோடு உட்காருங்கள். “அம்மா” என்று சொல்லி, அந்தக் கடைசி ‘மா’வோடு வாயை அப்படியே தளர விட்டுவிடுங்கள். சிரிக்கக் கூடாது, உதட்டை இழுக்கவும் கூடாது. ‘ம்’ சொல்ல உதடுகள் சேரும், ‘மா’வில் லேசாகப் பிரிந்து நிற்கும். அந்த நிலையில் மேல் முன்பல் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது? இளம் பெண்களுக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் தெரியும். வயது ஏற ஏற இது குறையும். அறுபதை நெருங்கும்போது பலருக்கு மேல்பல் தெரியாது, கீழ்ப்பல்தான் தெரியும். அடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஸ்கேலை வைத்து மூக்கின் அடிப்பக்க நடுவிலிருந்து சிவப்பு உதடு தொடங்கும் இடம்வரை அளந்து பாருங்கள். பெண்களுக்கு 11 முதல் 13 மில்லிமீட்டர் என்பது சாதாரணம். 15-ஐத் தாண்டினால் நீளம் என்று எடுத்துக்கொள்வோம்.

இதை இரண்டு முறை செய்ய வேண்டும். ஒருமுறை செட்டை மாட்டிக்கொண்டு, ஒருமுறை கழற்றிவிட்டு.

இந்த ஆபரேஷன் யாருக்குப் பொருந்தும் என்றால், தோல் உண்மையிலேயே நீளமாக இருக்க வேண்டும், பல் வரிசை முழுதாக இருந்தும் அந்த நீளத்தால் மறைந்திருக்க வேண்டும், வாயை மூடினால் உதடுகள் சிரமமில்லாமல் சேர வேண்டும். தழும்பு அடங்கி ஆறும் உடம்பாகவும் இருக்க வேண்டும். நான் செய்த ஒரு பள்ளி ஆசிரியைக்கு 18 மில்லிமீட்டர் இருந்தது. பல் ஒவ்வொன்றும் முத்து மாதிரி, ஆனால் பேசும்போது ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் “டீச்சர் கோபமாக இருக்கிறார்” என்று நினைப்பார்களாம். ஐந்து மில்லிமீட்டர் எடுத்தேன். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அவர் முகத்தில் என்ன மாறியது என்று தெரியாதவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். அதே சமயம், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் செல்ஃபியைக் காட்டி, உதடு நீளம் என்று அழுதாள். அளந்தால் 12. கோளாறு படத்தில்தான். செல்போனை ஓரடி தூரத்தில் பிடித்து எடுக்கும் படத்தில் மூக்கின் அடி, ஐந்தடி தள்ளி எடுத்த படத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஐந்தடி தள்ளி நின்று அம்மாவை எடுக்கச் சொல்லி அந்தப் படத்தை அவளுக்குக் காட்டினேன். ஆபரேஷன் இல்லாமல் திரும்பிப் போனாள்.

நீங்கள் இந்த இரண்டு பேரிலும் சேர மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் முன்பல் போயிருக்கிறது. பல் போன இடத்தில் தாடை எலும்பு சும்மா இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உள்வாங்கும். கூடாரத்துக்குக் கம்பு மாதிரி மேலுதட்டுக்கு முட்டுக் கொடுப்பது முன்பல்லும் அந்த எலும்பும்தான். கம்பு சாய்ந்தால் துணி தொங்கும். துணி நீளம் என்று வெட்டிவிட்டால் கம்பு நிமிர்ந்துவிடுமா? நீங்களே “வாய் உள்ளே போனமாதிரி” என்று எழுதியிருக்கிறீர்கள். நீளம் ஆனதைவிட உள்ளே போனதுதான் எனக்குக் காதில் விழுகிறது. ஒன்பது வருடத்துப் பழைய செட், அப்போதைய எலும்புக்கு அளவெடுத்துச் செய்தது. எலும்பு உள்வாங்கிய பிறகும் அதே தகட்டை மாட்டினால் பல் உயரமும் சாய்வும் பொருந்தாது. போதாததற்குப் பாக்கு மென்று மென்று மிச்சப் பற்களின் முனையும் தேய்ந்திருக்கும்.

இந்த நிலையில் உதட்டை முதலில் தூக்கிவிட்டு, பின்னால் ஒருநாள் நல்ல பல் வைத்தால் என்ன ஆகும்? அதிகமாகத் தெரியும். அப்போது பல்லைச் சின்னதாக்க வேண்டியிருக்கும். வரிசை மாறக் கூடாது.

அதனால் செயற்கைப் பல் பொருத்துவதில் எம்.டி.எஸ். முடித்த ஒரு பல் டாக்டரை இந்த வாரமே பாருங்கள். புராஸ்தோடான்டிக்ஸ் என்று போர்டில் இருக்கும். “மேலுதட்டுக்கு முட்டு வேண்டும், வாய் தளர்ந்திருக்கும்போது முன்பல் கொஞ்சம் தெரிய வேண்டும்” என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். புது செட் செய்வதற்கு முன் அவர்கள் மெழுகில் பல் அடுக்கி உங்கள் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த மெழுகுதான். வைத்துப் பார்க்கலாம், கண்ணாடியில் சிரிக்கலாம், மகளுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டலாம், பிடிக்காவிட்டால் ஒரு மில்லிமீட்டர் இறக்கச் சொல்லலாம், முன்னால் தள்ளச் சொல்லலாம். கத்தியில் இந்தச் சௌகரியம் கிடையாது. இதெல்லாம் சில வாரங்களில் முடிகிற வேலை. உங்கள் சாந்திக்கு முன்னால் கட்டாயம் முடியும். ஸ்க்ரூ போட்டு நிரந்தரப் பல் வைக்கலாம் என்று சொன்னால், சர்க்கரை இறங்கிய பிறகு யோசிக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

பல் டாக்டரிடம் இன்னொன்றும் காட்ட வேண்டும். உங்கள் நடுமூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் விட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டாலோ, காரம் பட்டால் எரிந்தாலோ, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து விறைப்பாக இருந்தாலோ அது பாக்கின் வேலை. விசேஷ வீட்டில் தாம்பூலத்தை வேண்டாம் என்பது நம் பக்கம் எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். தட்டை வாங்கிக்கொள்ளுங்கள், போடாதீர்கள். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. நீங்கள் என்னிடம் அழகுக்காகத்தான் எழுதினீர்கள். ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் நான் வைத்தியர் இல்லை.

காதுத் தழும்பு. கடிதத்தில் என்னை நிறுத்திய இன்னொரு இடம் அது. காயத்தின் எல்லையைத் தாண்டி உருண்டையாக வளர்ந்து, வெட்டியும் திரும்ப வந்தால் அது கீலாய்டு. நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இந்தத் தொந்தரவு வெள்ளைக்காரர்களைவிட அதிகம். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும், காது மடல், நெஞ்சு, தோள் ஆகியவைதான் கீலாய்டுக்குப் பிடித்த இடங்கள், முகத்தின் நடுப்பகுதியில் அது அபூர்வம். எனவே காதில் வந்தது மூக்கடியிலும் வந்தே தீரும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் “தழும்பே தெரியாது” என்று உங்களிடம் சொன்னவரை நான் நம்ப மாட்டேன். தழும்பில்லாத வெட்டு கிடையாது. நல்ல கையில் அது நாசி வளைவின் நிழலில் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். கீலாய்டு வராவிட்டாலும் நம் தோலில் அந்தக் கோடு கறுத்துப்போக வாய்ப்பு உண்டு. நாசித் துவாரத்தின் அடிமேடு தட்டையாகி மூக்கே அகன்றமாதிரி தெரிவதும் உண்டு. உங்கள் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் மற்றத் தழும்புகளைப் பாருங்கள். இடது தோளில் சின்ன வயசில் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பு தட்டையாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா? பிரசவ ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்தக் கோடு எப்படி? மூக்குத்தி குத்திய இடம் எப்படி ஆறியது? நான் நேரில் பார்க்கும்போது இவற்றைத்தான் முதலில் கேட்பேன்.

தேதியை ஏன் மறுக்கிறேன் என்பதும் இதிலேயே இருக்கிறது. புதுத் தழும்பு முதல் இரண்டு மூன்று மாதத்தில்தான் மிகவும் சிவந்து, தடித்து, விறைப்பாக இருக்கும். அது வெளுத்து இளக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பிடிக்கும். அதாவது இன்று செய்துகொண்டால், இரண்டு பேரும் மாலையோடு உட்கார்ந்து, சம்பந்தபுரத்தார் முழுக்கச் சுற்றி நின்று, கேமரா நேர் எதிரே இருக்கும் அந்த நாளில்தான் மூக்கடியில் கோடு பளிச்சென்று தெரியும். மேலுதடு கொஞ்சம் மரத்தும் இருக்கலாம். வாயை மூடின முந்தானை மறுபடி மேலே வரும். இதை உங்களுக்குச் சொல்ல அந்தக் கிளினிக்காரர்களுக்கு அரை நிமிடம் போதும். சொல்லாமல் தேதி தந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சர்க்கரையைப் பற்றிச் சுருக்கமாக. 8.6 வைத்துக்கொண்டு அவசரமில்லாத ஆபரேஷனுக்கு நான் கத்தி எடுப்பதில்லை. என் கணக்கு ஏழரைக்குக் கீழே. காயம் பிரிந்தாலோ சீழ் பிடித்தாலோ உதட்டில் அதை ஒளிக்க இடமில்லை.

ஊசி போட்டு உதட்டை உப்ப வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். ஃபில்லர் என்பது ஹைலூரானிக் ஆசிட் ஜெல். ஆறு மாதம், ஒரு வருடம் நிற்கும், வேண்டாமென்றால் கரைக்கவும் மருந்து உண்டு. மெல்லிய உதட்டுக்கு நல்லது, நீளமான உதட்டுக்கு நல்லதல்ல. தொங்கும் உதட்டில் இன்னும் பாரம் ஏற்றினால் முன்னால் துருத்தும். ஜெல் ரத்தக் குழாயில் போய் அடைத்துத் தோல் கறுத்துச் செத்துப்போவதும் நடக்கக் கூடியது. அதனால் பியூட்டி பார்லரில் யார் சொன்னாலும் ஊசிக்கு உதட்டைக் கொடுக்காதீர்கள். போடாக்ஸ் போட்டு விளிம்பைப் புரட்டுவது இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் நிற்காது, நீளத்தையும் குறைக்காது. உங்களுக்கு இரண்டுமே வேண்டாம்.

புதுப் பல் வைத்து, சர்க்கரை இறங்கி, பாக்கு நின்று, சாந்தியும் நல்லபடியாக முடிந்த பிறகும் “இல்லை டாக்டர், இன்னும் நீளமாகத்தான் தெரிகிறது” என்று தோன்றினால், அப்போது அளப்போம். ஆபரேஷன் அறையில் படுக்கவைத்து ஊசி போட்ட பிறகு கோடு வரைபவரிடம் போகாதீர்கள். உட்கார்ந்த நிலையில், வீக்கம் வருமுன் வரைய வேண்டும். செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. முடித்தவரா என்று கேளுங்கள், கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு எண்ணை வாங்கி தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் தளத்தில் மகளைப் பார்க்கச் சொல்லலாம். நம் நிறத்தில் இருப்பவர்களின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் பத்தாம் நாள் படம் அல்ல, ஒரு வருடம் கழித்து எடுத்தது, மூக்கின் அடி தெரியும்படி கீழிருந்து எடுத்தது. தழும்பு தடித்தால் யார் பார்ப்பார்கள், அதற்கு எவ்வளவு என்பதையும் எழுதி வாங்குங்கள். அழகுக்கான ஆபரேஷன் என்பதால் இன்ஷூரன்ஸ் தராது.

வீட்டுக்காரரிடம் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள். “தேவையா” என்று அவர் கேட்டது பயத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அறுபது வயதில் மனைவியை ஆபரேஷன் அறை வாசலில் விட்டுவிட்டு உட்கார யாருக்கும் பிடிக்காது. மகளிடமும் ஒன்று கேளுங்கள், இதில் எவ்வளவு உங்கள் ஆசை, எவ்வளவு அவள் ஆசை என்று. அவளும் பாசத்தில்தான் சொல்கிறாள். ஆனால் தையல் உங்கள் முகத்தில்.

மாதம் இரண்டு சனிக்கிழமை காரைக்குடியில் பார்க்கிறேன், வரலாம். வரும்போது உங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்து வாருங்கள். உங்கள் ஆத்தா சிரிக்கிற படம் ஏதாவது முகப்பில் மாட்டியிருந்தால் அதையும் செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வயதில் உங்கள் பல் எவ்வளவு தெரிந்தது, இந்த நீளம் உங்கள் வம்சத்தில் வந்ததா, பல் போன பிறகு வந்ததா என்று அந்தப் படங்கள் சொல்லிவிடும். என் ஸ்கேலைவிட அவை நல்ல சாட்சி. சர்க்கரை ரிப்போர்ட்டும் வேண்டும். செட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள், பழையது புதியது இரண்டையும் கொண்டுவாருங்கள்.